ஆபிரகாம் பண்டிதர்: வாத்தியார், வைத்தியர், பாட்டுக்காரர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில்ல கீபோர்டு வாசிக்கிற ஆளு நான், சின்னப் பசங்களுக்குக் கொஞ்சம் பாட்டும் சொல்லிக் குடுக்கறேன். (கோயில்னு நான் எழுதறது எல்லாம் கிறிஸ்தவங்க கும்பிடற சர்ச்சுதான், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.) தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் பேச்சை எடுத்தாலே அதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது, அதனால பதிலை எல்லாம் ஒரே எடத்துல எழுதிப் போட்டுடறேன்.

யாருங்க இவரு? சுருக்கமா சொல்லுங்க.

1859 ஆகஸ்ட் 2 பொறந்தாரு, 1919 ஆகஸ்ட் 31 காலமானாரு. திண்டுக்கல்ல வாத்தியார் வேலைக்குப் படிச்சு, தஞ்சாவூர்ல பள்ளிக்கூடத்துல வேலை பார்த்து, அப்புறம் அதை விட்டுட்டு சித்த வைத்தியத்துல நல்லா சம்பாதிச்சு, சம்பாதிச்சதை எல்லாம் இசையில கொண்டுபோய்க் கொட்டினவரு. 1917ல ‘கருணாமிர்த சாகரம்’னு 1300 பக்கத்துக்கு மேல போற ஒரு புஸ்தகம் எழுதி, சொந்த அச்சாபீஸ்லயே அடிச்சு வெளியிட்டாரு. இன்னைக்கு அவரை ‘தமிழிசை ஆராய்ச்சியாளர்’னு ஒரு வரியில சொல்லி முடிச்சுடறாங்க. எனக்கு அதுல பாதிதான் சம்மதம். மனுஷன் கடைசி வரைக்கும் வாத்தியார்தான், வாத்தியார் புத்தியோட பார்த்தாத்தான் அவரு பண்ணுன ஒவ்வொண்ணுக்கும் காரணம் விளங்கும், கீழ வர்ற பதில்கள்லயும் அதைத்தான் சொல்லப் போறேன்.

எந்த ஊருக்காரரு?

சாம்பவர் வடகரை. இப்ப தென்காசி மாவட்டம், அப்ப திருநெல்வேலிச் சீமை. அப்பா முத்துசாமி, அம்மா அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம், படிப்பு ஆரம்பிச்சது சுரண்டைப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்துல.

வாத்தியார் வேலைக்கு எப்படிப் போனாரு?

1870கள்ல திண்டுக்கல்ல ‘நார்மல் ஸ்கூல்’னு வாத்தியார்களைத் தயார் பண்ற பள்ளிக்கூடம் இருந்துச்சு, இன்னைக்கு டீச்சர் ட்ரெய்னிங்னு சொல்றமே அதேதான். அங்க படிக்க வந்தாரு, படிச்சு முடிச்சு அங்கயே வாத்தியாராவும் ஆயிட்டாரு. பாடம் நடத்துறதோட நிக்கல. போட்டோ புடிக்கறது, அச்சுக்கோர்ப்பு, பிடில், மூலிகைன்னு கண்ணுல பட்டதை எல்லாம் கத்துக்கிட்டாரு. ஒரு சின்ன ஊர் வாத்தியாருக்கு இதெல்லாம் எதுக்குன்னு அப்ப யாராச்சும் கேட்டிருப்பாங்க. ஆனா பின்னாடி பாருங்க, மூலிகை பணத்தைக் குடுத்துச்சு, அச்சுத்தொழில் புஸ்தகத்தைக் குடுத்துச்சு, பிடில் அந்தப் புஸ்தகத்துக்குள்ள என்ன எழுதணும்ங்கறதைக் குடுத்துச்சு.

1882ல ஞானவடிவு பொன்னம்மாளைக் கல்யாணம் பண்ணாரு. அந்தம்மாவும் டீச்சர். அடுத்த வருஷமே ரெண்டு பேரும் தஞ்சாவூருக்கு வந்து லேடி நேப்பியர் பெண்கள் பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேர்ந்தாங்க. 1880கள்ல புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சம்பளக்காரங்க, அதுவும் ரெண்டு பேரும் பொம்பளப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறாங்க, யோசிச்சுப் பாருங்க.

அந்தக் காலத்துல வாத்தியார்னாலே பாட்டும் தெரிஞ்சிருக்கணுமா? ஏன் எல்லாரும் ரெண்டையும் சேர்த்தே சொல்றாங்க?

நல்ல கேள்வி. மிஷன் கிராமங்கள்ல ரொம்ப எடத்துல கட்டடமே ஒண்ணுதான். திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் பள்ளிக்கூடம், ஞாயித்துக்கிழமை பெஞ்சை ஓரமாப் போட்டா அதுவே கோயில். வாரம் பூரா அ ஆ சொல்லிக் குடுத்த வாத்தியார்தான் ஞாயித்துக்கிழமை முன்னாடி நின்னு பாட்டு எடுத்துக் குடுக்கணும், ஐயர் (பாதிரியாரை அப்படித்தான் சொல்லுவோம்) எப்பவாச்சும்தான் வருவாரு, மத்த நாள்ல உபதேசியார், அதாவது சபையில வேதம் சொல்லிக் குடுக்கறவரு, இல்லன்னா வாத்தியார், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத சபைக்கு வேதத்தை மனசுல நிறுத்தறதுக்குப் பாட்டை விட்டா வேற வழி கிடையாது. அதனால ட்ரெய்னிங் எடுத்த வாத்தியாருக்குக் குரல் கொஞ்சம் சுமாரா இருந்தாக்கூட சுருதி புடிச்சுப் பாடத் தெரியணும். இன்னைக்கும் தென்மாவட்டத்துல பாதி கொயர் (பாடகர் குழு) மாஸ்டருங்க ஸ்கூல் டீச்சருங்கதான், அது தற்செயல் இல்ல.

சங்கீதம் யார்கிட்ட கத்துக்கிட்டாரு?

திண்டுக்கல்ல சடையாண்டி பத்தர்கிட்ட பிடில். மேல்நாட்டு இசையைத் தஞ்சாவூர் பிச்சைமுத்துகிட்ட. இந்த ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருந்துச்சுங்கறதை மறக்காதீங்க, 24 சுருதி கேள்வியில இது திரும்ப வரும்.

வேலையை ஏன் விட்டாரு?

வைத்தியம். திண்டுக்கல்ல இருக்கும்போதே சுருளி மலைப் பக்கம் போய் கருணானந்தர்னு ஒரு சாமியாரைப் பார்த்து மருந்து முறை கத்துக்கிட்டாருன்னு குடும்பத்துல சொல்லி வர்ற கதை. அந்தக் குருவோட பேரைத்தான் அவரு கடைசி வரைக்கும் எல்லாத்துக்கும் வச்சாரு: மருந்துக்குப் பேரு கருணானந்தர் சஞ்சீவி, தஞ்சாவூருக்கு வெளிய போட்ட பண்ணைக்குப் பேரு கருணானந்தபுரம், ஊர்க்காரங்க அதைப் பண்டிதர் தோட்டம்னு சொல்லுவாங்க. கோயிலுக்குப் போற கிறிஸ்தவரு ஒரு மலைச் சாமியாரைக் குருன்னு சொல்லி, அவரு பேரை வெளிப்படையா போர்டுல எழுதி வச்சிருக்காரு. இன்னைக்கு இதைச் சொன்னா ரெண்டு பக்கத்துலயும் மூஞ்சி சுளிக்கறவங்க இருக்காங்க. அவரு சுளிக்கல.

வைத்தியம் பெருகப் பெருக ரெண்டையும் பார்க்க முடியல, 1890ல பள்ளிக்கூட வேலையை விட்டாங்க. பொன்னம்மாள் வைத்தியத்துலயும் கூடவே நின்னாங்க. பண்ணையில கரும்பு, செடி கொடின்னு பரிசோதனை வேற நடந்துச்சு, சென்னை கவர்னரா இருந்த ஆர்தர் லாலி அதைப் பார்க்க வந்தாரு. பண்டிதர் வச்ச அச்சாபீஸ் பேரு லாலி எலக்ட்ரிக் பிரஸ்னு இருக்கறது அதனாலதான். ‘ராவ் சாகிப்’ பட்டமும் அந்தக் காலத்துல வந்ததுதான்.

பணக்கார வைத்தியருக்குப் பொழுதுபோக்கா இசைன்னு சொல்லலாமா?

சொல்லலாம், ஆனா தப்பு. பொழுதுபோக்குக்காரரு கச்சேரி வைப்பாரு, வித்வானுக்குச் சால்வை போடுவாரு, வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஆர்மோனியம் வாசிச்சுக் காட்டுவாரு. இவரு 1907ல ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ போட்டாரு. சொந்தமா எழுதுன பாட்டுங்க, சுரத்தோட. கத்துக்கறவன் கையில வச்சுப் படிக்கற மாதிரியான புஸ்தகம் அது. பாட்டு எழுதறவங்க நிறைய பேரு, அதைப் பாடமா ஆக்கிக் குடுக்கணும்னு நினைக்கறவங்க கம்மி.

அப்ப சூழ்நிலை எப்படின்னா, கீர்த்தனையைக் காகிதத்துல சுரமா எழுதி வைக்கறதே புதுசு. சென்னையில சின்னசாமி முதலியார்னு இன்னொரு கிறிஸ்தவரு 1890கள்ல தியாகராஜர் கீர்த்தனைங்களை மேல்நாட்டு ஸ்டாஃப் நொட்டேஷன்ல அச்சடிக்க ஆரம்பிச்சாரு. எட்டயபுரத்துல சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904ல கொண்டு வந்தாரு. குரு வாயில இருக்கறது ஏட்டுக்கு வந்துச்சுன்னாத்தான் குரு இல்லாத ஊர்ல இருக்கற பையனுக்கும் அது கிடைக்கும். சாம்பவர் வடகரையிலருந்து வந்தவருக்கு இது யாரும் சொல்லித் தெரியணும்னு இல்ல.

வேதநாயக சாஸ்திரியாரும் இவரும் ஒண்ணா?

இல்ல இல்ல. இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு, ஏன்னா ரெண்டு பேரும் திருநெல்வேலிச் சீமையிலருந்து தஞ்சாவூருக்கு வந்தவங்க, ரெண்டு பேரும் வாத்தியாருங்க, ரெண்டு பேரும் கிறிஸ்தவப் பாட்டுக்காரங்க.

சாஸ்திரியார் காலம் 1774லருந்து 1864 வரைக்கும். அவரு காலமானப்ப பண்டிதர் நாலஞ்சு வயசுப் பையன். சாஸ்திரியாரைச் சின்ன வயசுலயே மிஷனரி சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டு வந்தாரு, சுவார்ட்ஸ்கிட்டத்தான் சரபோஜி இளவரசரும் படிச்சாரு, அதனால பின்னாடி ராஜாவுக்கும் புலவருக்கும் நல்ல பழக்கம். இருபது வயசைத் தொடறதுக்குள்ளயே தஞ்சாவூர் மிஷன் பள்ளிக்கூடத்துல தலைமை வாத்தியார். குறவஞ்சி, நொண்டி நாடகம், உலான்னு நம்ம ஊர் வடிவத்துல எல்லாம் வேதக் கதையைப் போட்டுப் பாடினாரு, ‘பெத்லகேம் குறவஞ்சி’ அதுல பேர் போனது.

அவரு காலத்துல பெரிய சண்டையே நடந்துச்சு. பழைய மிஷனரிங்க போனப்புறம் வந்த புது மிஷனரிங்க பழைய மொழிபெயர்ப்பை மாத்துனாங்க, சபைப் பழக்கத்தை மாத்தச் சொன்னாங்க, இவரு எதிர்த்தாரு, கடைசியில 1829ல வேலையை விட்டே எடுத்துட்டாங்க. பாட்டுக்காகப் போராடினாருன்னு மட்டும் சொல்லி விட்டுடக் கூடாது, கோயிலுக்குள்ள சாதி வித்தியாசத்தை விட மாட்டோம்னு நின்ன பக்கத்துலயும் அவரு இருந்தாரு. பாட்டு அருமை, அந்த நிலைப்பாடு தப்பு. ரெண்டும் உண்மை.

கோயில்ல பாடுறதுல கீர்த்தனைக்கும் ஞானப்பாட்டுக்கும் என்ன வித்தியாசம்? பண்டிதர் எந்தப் பக்கம்?

ஞானப்பாட்டுங்கறது ஜெர்மன், இங்கிலீஷ் மெட்டுல தமிழ் வார்த்தை. தரங்கம்பாடி லூத்தரன் மிஷனரிங்க காலத்துலருந்து வருது, பாப்ரீசியஸ் மாதிரி ஆளுங்க மொழிபெயர்த்தது. கீர்த்தனைங்கறது நம்ம ராகம், தாளம், பல்லவி அனுபல்லவி சரணம். 1853ல அமெரிக்கன் மதுரை மிஷன்ல எட்வர்ட் வெப் ஐயர் கீர்த்தனைங்களைத் தொகுத்துப் புஸ்தகமாப் போட்டாரு, அதுல சாஸ்திரியார் பாட்டுங்க நிறைய. அப்புறம்தான் எல்லா சபையிலயும் அது பரவுச்சு. இன்னைக்கு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனையில ரெண்டும் மாத்தி மாத்தி வரும்.

பண்டிதர் எழுதுனதெல்லாம் கர்நாடக முறையில. ஆனா காது ரெண்டும் பழகின காது. மிஷன் பள்ளிக்கூடத்துல வளர்ந்த பையன் நாலு குரல்ல பாடுற ஞானப்பாட்டைக் கேக்காம இருந்திருக்கவே முடியாது, அதுலயும் அவரு மேல்நாட்டு இசையை முறையாவே படிச்சவரு. ஆர்மோனியத்துல எந்தக் கட்டையை ‘ச’ன்னு வச்சாலும் பாட்டு வருது, பிடில்ல விரலைக் கொஞ்சம் நகத்தினா வேற சுரம் வருது, அப்ப ஒரு ஸ்தாயிக்குள்ள (ஒரு ‘ச’லருந்து அடுத்த மேல் ‘ச’ வரைக்கும்) மொத்தம் எத்தனை சுரம்தான் இருக்கு? இந்தக் கேள்வி ரெண்டு வாத்தியத்தையும் ஒரே வாரத்துல தொடறவனுக்குத்தான் உறுத்தும்.

24 சுருதின்னு என்னமோ சொல்றாங்களே, பாமரனுக்குப் புரியற மாதிரி சொல்ல முடியுமா?

முயற்சி பண்றேன், இது கொஞ்சம் நீளும். சுருதின்னு இங்க சொல்றது, ஒரு ஸ்தாயியை வெட்டுற சின்னச் சின்னப் படிங்களை.

90 செ.மீ. கம்பி ஒண்ணு இருக்குன்னு வைங்க. முழுசா மீட்டினா ‘ச’. 60 செ.மீ.ல, அதாவது மூணுல ரெண்டு பங்குல விரலை வச்சா ‘ப’. அந்தப் ‘ப’வை ‘ச’வா நினைச்சு அதோட மூணுல ரெண்டு பங்கு, 40 செ.மீ. அது மேல் ஸ்தாயிக்குப் போயிடுச்சு, கீழ கொண்டு வர ரெண்டால பெருக்குங்க, 80 செ.மீ., இது ‘ரி’. இப்படியே ‘ப’வுக்கு ‘ப’, அதுக்கு ‘ப’ன்னு போய்ட்டே இருந்தா பன்னெண்டு சுரமும் ஒண்ணொண்ணா வரும், பன்னெண்டாவது அடியில திரும்ப ‘ச’வுக்கே வந்து சேரணும். வந்து சேரும், ஆனா சரியா 90ல இல்ல, 88.8 கிட்ட. ஒரு சென்டிமீட்டருக்கு மேல இடிக்குது. உலகத்துல எல்லா இசைக்காரங்களும் மண்டையை உடைச்சுக்கிட்ட எடம் இதுதான். மேல்நாட்டுல என்ன பண்ணாங்கன்னா இந்த இடிப்பைப் பன்னெண்டு சுரத்துக்கும் சமமாப் பங்கு போட்டுட்டாங்க, ஆளுக்குக் கொஞ்சம்னு. அதனால பியானோவுல ‘ப’ 60 செ.மீ.க்குப் பதிலா 60.07ல நிக்குது. ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல, காதுக்குத் தெரியாது.

நம்ம பக்கம் நிலைமை வேற. 13ம் நூற்றாண்டுல சாரங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்துல ஸ்தாயிக்கு 22 சுருதின்னு எழுதி வச்சாரு (அவருக்கு முன்னாடியே பரதர் நாட்டிய சாஸ்திரத்துலயும் அதே கணக்குதான்), அதைத்தான் எல்லாரும் வேதவாக்காச் சொல்லிட்டு வந்தாங்க. பண்டிதர் உக்காந்து கணக்குப் போட்டாரு. ஸ்தாயியை 22 சமபங்கா வெட்டினா, 13வது சுருதியில ‘ப’ வரணும், ஆனா அது நம்ம கம்பியில 59.75 செ.மீ.ல விழுது. ரெண்டரை மில்லிமீட்டர் தள்ளி. பிடில் வாசிக்கறவனுக்கு அது அபசுரம். 24ஆ வெட்டினா ‘ம’ 10வதுலயும் ‘ப’ 14வதுலயும் வந்து கச்சிதமா உக்காருது. அதனால 24தான் சரின்னாரு.

அதோட விடல. சிலப்பதிகாரத்துலயும் அதோட உரையிலயும் சொல்ற ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலைன்னு சுரங்களை வகுக்கற முறை நாலையும் எடுத்து, ஆயப்பாலையில 12, வட்டப்பாலையில 24, அடுத்ததுல 48, அதுக்கடுத்து 96ன்னு ஒரு ஒழுங்கு காட்டினாரு. தமிழனுக்கு இது முன்னாடியே தெரியும்ங்கறதுதான் அவரோட வாதம். ஆய்ச்சியர் குரவையில ஏழு பொண்ணுங்க குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு சுரத்தோட பேரை ஆளுக்கொண்ணா வச்சுக்கிட்டு வட்டமா நிப்பாங்கல்ல, அதை இவரு கதையா மட்டும் பார்க்கல, கணக்காப் பார்த்தாரு. உ.வே.சா. சிலப்பதிகாரத்தை உரையோட அச்சுல கொண்டு வந்தது 1892ல. அது வரலன்னா தஞ்சாவூர் வைத்தியர் கைக்கு அடியார்க்குநல்லார் உரை எங்க கிடைச்சிருக்கப் போகுது?

அப்ப 22ன்னு சொல்றவங்க எல்லாம் தப்பா?

அவசரப்படாதீங்க. 22 சுருதியை சமமா வெட்டணும்னு யாரு சொன்னா? அந்தப் பக்கத்து ஆளுங்க இதைத்தான் கேட்டாங்க. அவங்க கணக்குல சுருதிங்க பெருசு சிறுசா இருக்கும், இயற்கையான ‘ப’வும் அதுல சுத்தமா வரும். பண்டிதரோட தாக்குதல் சமமான 22 மேலதான் விழுது, சமமில்லாத 22 தப்பிச்சுக்குது.

இன்னொண்ணு, கர்நாடக சங்கீதத்துல சுரம் ஒரு எடத்துல நிக்கறதே இல்ல. தோடியில ‘க’ எங்க இருக்குன்னு ஸ்கேல் வச்சு அளந்து சொல்ல முடியுமா? அது ஆடிட்டே இருக்கு. கமகம் (சுரத்தை இப்படி அசைச்சுப் பாடறது) இருக்கற இசையை 24 கட்டமாவோ 22 கட்டமாவோ போட்டா ரெண்டுலயும் பாதி வெளிய வழிஞ்சிடும். என் அபிப்பிராயம், அவரு முடிவை விட அவரு முறை பெருசு. சாஸ்திரத்துல இருக்குன்னு வாயை மூடிட்டுப் போகாம, கம்பியை எடு, அளந்து பாரு, கணக்கு வருதான்னு சொல்லுன்னாரு. வகுப்புல கரும்பலகை முன்னாடி நின்ன ஆளோட பழக்கம் அது.

மேல்நாட்டுச் சமப் பங்கீட்டை எடுத்துத் தமிழ்ப் பேரு ஒட்டிட்டாருன்னு ஒரு குற்றச்சாட்டும் உண்டு. ஆர்மோனியம், ஞானப்பாட்டு எல்லாம் காதுல இருந்த ஆளுக்கு 12 சமபங்கு இயல்பாத் தோணியிருக்கும், அதை மறுக்க வேண்டியதில்ல. ஆனா ச-ப முறையில சுத்தி வர்றது சிலப்பதிகாரத்துலயும் இருக்கு, அதை அவரு கற்பனை பண்ணல.

மாநாடு நடத்தினாருன்னு சொல்றாங்களே?

ஆமா. தஞ்சாவூர்ல ‘சங்கீத வித்தியா மகாஜன சங்கம்’னு ஆரம்பிச்சு, 1912 மே 27ல முதல் மாநாடு. அடுத்த சில வருஷத்துல தொடர்ந்து நடந்துச்சு. வித்வான்களைக் கூப்பிட்டு, சாப்பாடு, தங்கற எடம், எல்லாம் அவரு செலவு. கச்சேரி கேட்டுக் கை தட்டறதுக்குக் கூப்பிடல, உக்காந்து வாதம் பண்ணக் கூப்பிட்டாரு. சென்னை மியூசிக் அகாடமி வர்றதுக்குப் பதினைஞ்சு வருஷத்துக்கு முந்தி, ஒரு தனி ஆளு, தலைநகரமா இல்லாத ஒரு ஊர்ல.

பரோடாவுல என்ன நடந்துச்சு?

1916ல பரோடா மகாராஜா ஆதரவுல அகில இந்திய சங்கீத மாநாடு. இந்துஸ்தானி இசை ஆராய்ச்சியாளர் பாத்கண்டே முன்ன நின்னு நடத்தினது. அங்க 22 சுருதிக்காரங்க பலமா இருந்தாங்க. தேவல், கிளெமென்ட்ஸ்னு ரெண்டு பேரு 22 சுருதியும் வாசிக்கற மாதிரி தனியா ஒரு ஆர்மோனியமே செய்ய வச்சுக் கொண்டு வந்திருந்தாங்க. பண்டிதர் தன் குடும்பத்துப் பெண்களைக் கூட்டிட்டுப் போயி, மகள் மரகதவல்லி முதலானவங்க சபை முன்னாடி செஞ்சு காட்ட, தன் கணக்கை விளக்கினாரு.

1916ங்க. குடும்பப் பொண்ணுங்க மேடையில பாடுனா ஊரே பேசற காலம். இவரு பெண்கள் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவரு, சொந்த வீட்டுல சொல்லிக் குடுத்ததைப் பெரிய பெரிய உஸ்தாதுங்க முன்னாடி நிறுத்தினாரு. சுருதிச் சண்டையில யாரு ஜெயிச்சாங்கறதை விட எனக்கு இந்தக் காட்சிதான் பெருசாப் படுது.

கருணாமிர்த சாகரத்தைச் சாதாரண ஆளு படிக்க முடியுமா?

முதல் பக்கத்துலருந்து ஆரம்பிச்சீங்கன்னா நூறு பக்கத்துக்குள்ள மூடி வச்சுடுவீங்க, அனுபவத்துல சொல்றேன், என்கிட்ட வாங்கிட்டுப் போன பல பேரு அப்படித்தான் திருப்பிக் குடுத்தாங்க. முதல் பகுதியில கடல்கொண்ட நாடு, ஜலப்பிரளயம், மூணு சங்கம்னு போகுது, அதெல்லாம் அந்தக் காலத்து நம்பிக்கை, இன்னைக்கு வரலாறா எடுத்துக்கக் கூடாது. ஆனா அங்கயே தென்னாட்டு சங்கீதக்காரங்களோட நீளமான பட்டியல் ஒண்ணு இருக்கு, அதைத் தாண்டிப் போயிடாதீங்க. அப்புறம் சாரங்கதேவரோட சண்டை, அட்டவணை அட்டவணையா எண்கள். சிலப்பதிகார இசை வர்ற மூணாவது பகுதிதான் உயிர், நேரா அங்க போங்க, கையில ஒரு கீபோர்டோ வீணையோ வச்சுக்கிட்டு. கடைசிப் பகுதி யாழைப் பத்தி.

ரெண்டாவது தொகுதி அவரு காலமானதுக்கு ரொம்ப நாள் கழிச்சு, 1946ல குடும்பத்தார் மூலமா வெளிவந்துச்சு, அதுல ராகங்களைப் பத்தின பகுதி. அச்சுல தேடி அலைய வேண்டாம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல தேடிப் பாருங்க.

தமிழிசை இயக்கத்துக்கு இவருதான் தலைவரா?

இல்ல. அது 1940கள்ல ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்ன நின்னது, தமிழிசைச் சங்கம் 1943ல. பண்டிதர் போயி அப்ப இருபது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. ஆனா தமிழ்லயும் பாடலாம்னு சொல்றவங்களுக்கு, இந்த இசையே தமிழ்நாட்டுப் பழைய இசைதான்னு எடுத்துக் காட்ட ஒரு தடிமனான ஆதாரம் வேணும்ல, அது அவரு புஸ்தகம். அதுக்கப்புறம் 1947ல விபுலானந்த அடிகளோட ‘யாழ் நூல்’ வந்துச்சு. ரெண்டு பேரும் வாத்தியாருங்கதான், கவனிச்சீங்களா.

நம்ம கோயில் கொயர்ல அவரு பாட்டைப் பாடறாங்களா?

எங்கயோ சில எடத்துல. சாஸ்திரியார் பாட்டு பரவுன அளவுக்கு இவரு பாட்டு பரவல, இது எனக்கு வருத்தம்தான். காரணம் எளிசு: சாஸ்திரியார் பாட்டு சபை மொத்தமும் சேர்ந்து பாடறதுக்கு, இவரு பாட்டு கத்துக்கிட்டவன் பாடறதுக்கு. கீபோர்டு பையன் நாலு கார்டு (மூணு நாலு சுரத்தைச் சேர்த்து அமுக்கறது) புடிச்சா நிக்கற பாட்டு இல்ல அது. இப்பல்லாம் கோயில்ல டிரம்ஸ், ப்ரொஜெக்டர்ல வரி, ரிதம் பாக்ஸ்னு ஓடுது, அதுல கீர்த்தனையே குறைஞ்சு போச்சு, அப்புறம் சுரத்தோட எழுதுன பாட்டை யாரு எடுப்பாங்க. ஐயரும் கொயர் மாஸ்டரும் நினைச்சா லெந்து நாட்கள்ல (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வாரத்துக்கு ஒண்ணு பழக்கலாம், கூட்டம் கம்மியா வர்ற மாலை ஆராதனையில ஆரம்பிச்சா பயம் இல்ல.

பசங்களுக்கு இவருகிட்டருந்து சொல்லிக் குடுக்கற மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்?

இதை நான் பண்றேன், பசங்களுக்குப் புடிக்குது. 61 கட்டை கீபோர்டுல எதாச்சும் ஒரு கட்டையை ‘ச’ன்னு வைங்க. வெள்ளை கறுப்பு ரெண்டையும் எண்ணி ஏழு கட்டை மேல போங்க, ‘ப’. அங்கருந்து இன்னொரு ஏழு. கீபோர்டு தாண்டிப் போச்சுன்னா பன்னெண்டு கட்டை கீழ இறங்கி அதே சுரத்தைப் புடிச்சுக்கிட்டுத் தொடருங்க. ஒவ்வொண்ணையும் சுண்ணாம்புக் கட்டியில தரையில வட்டமா எழுதச் சொல்லுங்க: ச, ப, ரி, த, க. அஞ்சாவதுல நிறுத்துங்க. இந்த அஞ்சையும் வரிசைப்படுத்திப் பாடச் சொல்லுங்க, ச ரி க ப த. மோகனம்! எந்தப் பையனா இருந்தாலும் மூஞ்சி மலர்ந்துடும். இன்னும் ரெண்டு அடி போங்க, நி, பெரிய ம (பிரதி மத்தியமம்). ஏழும் சேர்ந்தா கல்யாணி.

இப்ப மோகனத்தோட அதே அஞ்சு கட்டையை வச்சுக்கிட்டு ‘ரி’யை ‘ச’ன்னு மாத்திப் பாடச் சொல்லுங்க, மத்தியமாவதி வரும். ‘க’வை ‘ச’ன்னு வச்சா இந்தோளம். ‘ப’வை வச்சா சுத்த சாவேரி. கட்டை மாறவே இல்ல, நிக்கற எடம்தான் மாறுது. சிலப்பதிகாரத்துல பண்ணுப்பெயர்த்தல்னு வர்றது இந்த வேலைதான், கிரகபேதம்னு இப்ப சொல்றோம். இதுக்கு அப்புறம் 24, 96 எல்லாம் சொன்னா பசங்க தானா கேப்பாங்க. முதல்லயே சுருதி கணக்கைப் போட்டீங்கன்னா அடுத்த வாரம் பிராக்டிஸுக்கு ஒருத்தனும் வர மாட்டான்.

தஞ்சாவூர் போனா என்ன பாக்கலாம்?

ஆபிரகாம் பண்டிதர் பேர்ல ரோடு இருக்கு, ஆட்டோக்காரங்க எல்லாருக்கும் தெரியும், அவரு யாருன்னு மட்டும் கேக்காதீங்க. சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்துல இருக்கற சுவார்ட்ஸ் கோயிலுக்குப் போங்க, 1779ல கட்டினது, உள்ள சுவார்ட்ஸோட கடைசி நேரத்துல சரபோஜி பக்கத்துல நிக்கற மாதிரி பளிங்குச் சிற்பம், இங்கிலாந்துல பிளாக்ஸ்மேன் செஞ்சது. பெரிய கோயில்லருந்து (இது மட்டும் சர்ச் இல்ல, சிவன் கோயில்) நடந்தே போயிடலாம், சாயங்காலமா போனா பூட்டியிருக்க வாய்ப்பு உண்டு, காலையிலயே போங்க.